ஊர் பங்கு போட்ட உடம்பு

பூவன்குறிச்சி ரேஷன் கடையில் அரிசி அளந்துகொண்டிருந்த உலகம்மாளுக்கு முழங்கால் வலி வந்தது, வலி போகட்டும் என்று அவள் உடம்பைக் குறைத்தாள், குறைத்தது போக மிச்சமிருந்த உடம்பை ஊர்க்காரர்கள் பேசிப் பேசியே ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனார்கள். நடந்தது இவ்வளவுதான். இதில் நம்ப முடியாதது என்ன இருக்கிறது என்றுதான் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களால் இன்றைக்கும் நம்ப முடியாதது, ஒரு பொம்பிளை வெறும் முழங்கால் வலிக்காக உடம்பைக் குறைத்தாள் என்பதைத்தான்.

ஆனால் காரணம் அதுதான். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை, குடியிருப்பது வாடகைக்கு எடுத்த மாடி வீடு, அந்த மாடிப்படியோ வீட்டுக்காரர் சிமெண்டை மிச்சம் பிடிக்க நினைத்து இரண்டு படி வர வேண்டிய இடத்தில் ஒரு படியாகக் கட்டிவைத்த படி. தென்காசி டாக்டர் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்று படியின் உயரத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பைக் குறைக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரரிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. அதனால் உலகம்மாள் தன் உடம்போடு பேசினாள். சாயங்கால வடையை விட்டாள், டீயில் சீனியை விட்டாள், ராத்திரிச் சோற்றை விட்டாள், விடியும் முன்னே எழுந்து வாய்க்கால் கரையில் நடந்தாள், முதல் மாசம் குரைத்துக்கொண்டே பின்னால் வந்த நாய் அடுத்த மாசத்திலிருந்து பேசாமல் கூடவே நடந்தது. கடையைச் சாத்திய பிறகு மூட்டை நிறுக்கும் தராசில் தானே ஏறி நின்று பார்த்துக்கொள்வாள். வருஷம் திரும்புவதற்குள் ஏறக்குறைய அரை மூட்டை அரிசி எடை அவளை விட்டுப் போயிருந்தது. ஒருநாள் கையில் காய்கறிப் பையோடு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி, உச்சிப் படியில் உட்கார்ந்து, யாரும் இல்லாத இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். போதும், இந்த உடம்பு எனக்குச் சரி, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்தாள். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலையில் வரிசையில் முதல் ஆளாக நின்றது அவள் புருஷனின் அக்கா நாச்சியார் மதினி. கடை திறக்கும் முன்னே பையைப் போட்டு இடம் பிடித்துவைப்பது அந்த அம்மாளின் வழக்கம். ஒடுங்கிய முகம், உள்ளே போன கன்னம், ஆனால் குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்.

"என்னட்டி உலகு, கன்னமெல்லாம் ஒட்டிப் போயி சீக்குக்காரி மாதிரி இருக்க? சுகரா?"

"சுகரெல்லாம் இல்ல மைனி. முட்டி வலிக்கி, அதான் கொஞ்சம்..."

"சுகர்தான். எங்கிட்ட என்னத்துக்கு மறைக்க."

அப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள் உலகம்மாளின் இரண்டு கன்னத்திலிருந்தும் ஒரு பிடி சதை கிளம்பியது. சத்தம் இல்லை, வலி இல்லை, காற்றில் ஒரு வெதுவெதுப்பு மட்டும் போனது. நாச்சியார் மதினியின் கன்னம் இரண்டும் எண்ணெயில் போட்ட அப்பம் மாதிரி உப்பி வந்தன. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மதினி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது, சீனியும் பருப்பும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து நின்றவள் ஜெயகனி, கோழிப்பண்ணையில் கணக்கெழுதும் பெண், ஊரில் அவளுக்கு ஊதுவத்தி என்று பெயர். அவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கைரேகை இயந்திரத்தில் விரலை வைத்து, அரிசியை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அன்று தொடங்கியது. இடுப்பு எங்கே போச்சு என்று கேட்டவளுக்கு இடுப்பு வந்தது. கழுத்து எலும்பு தெரியுதே என்றவரின் கழுத்து தடித்தது. கை ரெண்டும் முருங்கைக்காய் மாதிரி ஆயிட்டே என்று வருத்தப்பட்ட தையல்காரருக்கு அன்றைக்கே சட்டையின் கைப்பட்டையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. யார் எந்த இடத்தைச் சொன்னார்களோ அந்த இடத்துச் சதை அவர்களுக்கு. பாராட்டினாலும் அதே கணக்கு, பரிதாபப்பட்டாலும் அதே கணக்கு. அவள் பருமனாக இருந்த காலத்தில் இது ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம். அப்போது ஊர் அவளைப் பற்றி அவள் முதுகுக்குப் பின்னால்தான் பேசியது, அரிசி மூட்டையே அரிசி போடுகிறது என்று சிரித்ததெல்லாம் தெரு முனை திரும்பிய பிறகுதான். மெலிந்தவளிடம் முகத்துக்கு நேரே எதையும் சொல்லலாம், அது அக்கறையில் சேர்த்தி என்று ஊருக்கு ஒரு எண்ணம்.

ஊர் இந்த அதிசயத்தைச் செரித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தால் நமக்குத்தான் வெட்கமாக இருக்கும். ஏன் இப்படி நடக்கிறது என்று ஒருவர்கூட ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு யோசிக்கவில்லை. ரேஷனில் அரிசி கிடைக்கும், பருப்பு கிடைக்கும், பாமாயில் கிடைக்கும், கூடவே கொஞ்சம் உலகம்மாளும் கிடைப்பாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அட்டை இல்லாதவர்களும் வரிசைக்கு வந்தார்கள். பால் குடிக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்து, அத்தைக்குக் கால் குச்சி குச்சியா இருக்கு பாரு, சொல்லு சொல்லு என்று மழலைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளையின் தொடையில் மடிப்பு விழுந்ததும் முத்தம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷார்ஜாவில் இருக்கும் கொழுந்தன் வீடியோ காலில் வந்து, மதினி முழங்கையெல்லாம் எலும்பா இருக்கே என்றான். அந்தச் சதை கடல் தாண்டிப் போயிற்று. அவ்வளவு தூரம் எப்படிப் போனது என்பதைப் பற்றி டீக்கடையில் இரண்டு நாள் பேசினார்கள், போகலாமா என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

காரணம் கண்டுபிடிப்பதில் மட்டும் ஊர் சோம்பல் படவில்லை. சுகர் என்று ஒரு கட்சி. வயிற்றில் கட்டி, பாவம் வெளியே சொல்லவில்லை என்று ஒரு கட்சி. புருஷன் தளவாய்க்கு வேறு எங்கோ தொடர்பு, அந்தக் கவலை அரிக்கிறது என்று ஒரு கட்சி. இல்லை, இவளுக்குத்தான் தொடர்பு, இந்த வயதில் இடுப்பைக் குறைப்பவள் சும்மாவா குறைப்பாள் என்று ஒரு கட்சி, அதில் ஆள் கொஞ்சம் அதிகம். முட்டி வலி என்று அவள் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அது ஏதோ சீட்டுக் கட்டிலிருந்து விழுந்த வேறு சீட்டு மாதிரி யாரும் குனிந்து எடுக்காமல் கிடந்தது.

தளவாய் மின்வாரியத்தில் ஒயர்மேன். கம்பத்தின் மேல் இருக்கிற ஒவ்வொரு கம்பியும் தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று கீழே நின்றே சொல்வார். பெண்டாட்டி அரை மூட்டை குறைந்ததை ஊர் சொல்லித்தான் அறிந்தார். அறிந்த அன்று சாப்பிடும்போது நிமிர்ந்து, பரிமாறுகிற கையைப் பார்த்து, "ஆமா, மெலிஞ்சுதான் போயிருக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உலகம்மாளின் வளையல்கள் மணிக்கட்டிலிருந்து கழன்று சாம்பார்ச் சட்டிக்குள் விழுந்தன, தளவாயின் கைக்கடிகாரம் இறுகியது. பதறிப்போன மனுஷன் அதன் பிறகு அவள் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். முன்னே அவளைப் பார்க்காமல் இருந்தது பழக்கம், இப்போது பார்க்காமல் இருப்பது பாசம், பக்கத்தில் இருப்பவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. என் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் அதை எழுத்துக் கூட்டி வாசித்து, பேசக் கூடாதாமே, பேசுகிற அளவுக்கு உடம்பு எங்கே இருக்கிறது என்று சிரித்தார்கள். அட்டை எழுதிய அந்த ஒரு நாளில்தான் அவளுக்கு அதிக நஷ்டம். வடையைத் திரும்ப ஆரம்பித்தாள், சீனியை அள்ளிப் போட்டுக் குடித்தாள், ராத்திரி இரண்டு சாப்பாடு சாப்பிட்டாள். சாப்பிட்டது உடம்பில் ஏறி நிற்பதற்குள் யாராவது வந்து, என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்ட மாட்டேங்குதே என்று எடுத்துக்கொண்டு போனார்கள். மூட்டையை இழுக்க முடியவில்லை. அரிசி அள்ளும் தகரக் கரண்டியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. கார்த்திகை மாசக் காற்றில் ஒருநாள் வாய்க்கால் பாலத்திலிருந்து ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கப்பட்டாள், நல்ல வேளையாக நாய் சேலை முந்தானையைக் கவ்விப் பிடித்தது. அன்றிலிருந்து, கடையில் வேலையில்லாமல் கிடந்த பழைய இரும்பு எடைக்கல் இரண்டை மடியில் கட்டிக்கொண்டுதான் தெருவில் நடந்தாள். இன்னும் கொஞ்சம் பேசினால் நான் இருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தில் முழங்கால் வலியே மறந்துபோயிற்று.

ஜெயகனியை அவள் அம்மா இழுத்துக்கொண்டு வந்தது அப்போதுதான். பெண் பார்க்க வந்தவர்கள் மூன்றாவது தடவையாக, பிள்ளை ரொம்ப ஒடிசலாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா பின்னாலிருந்து விலாவில் குத்தினாள். ஒரு வார்த்தை சொல்லுட்டி, தோளையாவது சொல்லு, ஊரே சொல்லுது, உனக்கு மட்டும் என்ன வாய்க்குள்ள கொழுக்கட்டை என்றாள். உலகம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எல்லாரும் எடுத்தாயிற்று, இந்தப் பிள்ளைக்காவது உதவட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஜெயகனி அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வீடு போய்ச் சேரும் வரை அம்மா திட்டியது தெருவெல்லாம் கேட்டது.

இப்படி ஊர் ஒரு சுற்றுப் பெருத்து, முகமெல்லாம் மினுமினுத்து, கல்யாண வீட்டுப் படங்களில் எல்லாரும் களையாக விழ ஆரம்பித்த பிறகு, பூவன்குறிச்சிக்கு மனசாட்சி உறுத்தியது. உறுத்தினால் அந்த ஊர் ஒன்றே ஒன்றுதான் செய்யும், விழா எடுக்கும். வியாபாரிகள் சங்கத் தலைவர் அருணாசலம் அண்ணாச்சி, இரும்புக் கடைக்காரர், முன்பு குடைக்கம்பி என்று பெயர் வாங்கியவர், இப்போது தலைவர் பதவிக்கு ஏற்ற தொந்தி உலகம்மாளின் புண்ணியத்தில் வாய்க்கப்பெற்றவர். அவர்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து, நம்ம ஊருக்கு இவ்வளவு செய்த பொம்பிளைக்கு ஒரு பாராட்டு விழா நடத்தவில்லை என்றால் நாமெல்லாம் மனுஷனா என்று கேட்டார். அவளை அவளாகவே விட்டுவிட்டால் போதும் என்று சொல்ல அந்தச் சங்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பந்தல்காரர் பிழைப்பது எப்படி.

உலகம்மாள் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. விழா என்றால் கடைசியில் ஏற்புரை உண்டு. மைக்கைப் பிடித்து, ஐயா, அம்மா, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று ஊரையே ஒரே நேரத்தில் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஏற்புரை கடைசியில்தான் வரும் என்பதை அவள் சரியாக யோசிக்கவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் மேடை. மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் அவர்களே, அவர்களே என்று விளித்து முடிக்கவே ஒவ்வொரு பேச்சாளருக்கும் பாதி நேரம் போனது, மீதி நேரம் முழுக்க அவள் உடம்பு. இடையைப் பற்றிப் பேசிய தமிழாசிரியர் மேடை இறங்கும்போது வேட்டியைத் தளர்த்திக் கட்டினார். மகளிர் குழுத் தலைவி, இந்த வயதிலும் கல்லூரிப் பெண் மாதிரி முதுகு என்றாள், அவள் ரவிக்கை ஊக்கு தெறித்தது. ஒவ்வொருவரும் பொன்னாடை போர்த்தினார்கள், அந்தப் பொன்னாடைகள்தான் அவளை நாற்காலியில் பிடித்துவைத்திருந்தன. கடைசியாக அருணாசலம் அண்ணாச்சி எழுந்து, எல்லாவற்றையும் எல்லாரும் சொல்லிவிட்டார்களே, எனக்கென்று என்ன மிச்சம் என்று தேடிப் பார்த்து, விரல்களைக் கண்டுபிடித்தார். நமக்கெல்லாம் அரிசி அளந்து போட்ட அந்த விரலைப் பாருங்கள், வெண்டைப் பிஞ்சு மாதிரி மெலிஞ்சிருக்கிற அந்த விரலைப் பாருங்கள் என்று கையைத் தூக்கிக் காட்டினார். மைதானம் முழுக்க ஆமா ஆமா என்று சொல்லிக் கை தட்டியது. ஆமா சொன்னவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துளி விரல் போய்ச் சேர்ந்தது.

ஏற்புரைக்கு அழைத்தார்கள். உலகம்மாள் எழுந்து வந்து மைக்கின் முன்னால் நின்று பேசினாள். குரலுக்குப் பின்னால் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் மைக்குக்கு அது காற்றடிக்கிற சத்தமாகத்தான் கேட்டது. தன்னடக்கம் என்று சொல்லி மறுபடியும் கை தட்டினார்கள். நாட்டுப்பண் பாடி எல்லாரும் கலைந்தார்கள். தளவாய் சுவரைப் பார்த்துப் பேச அங்கே சுவர் இல்லாததால் வானத்தைப் பார்த்துக்கொண்டே அவளைப் பொன்னாடையோடு சுருட்டித் தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கவில்லை, அதை நினைத்து ராத்திரியெல்லாம் அழுதார்.

மறுநாள் பொங்கல் பச்சரிசி போடும் நாள். மூலையில் கரும்பு சாத்தியிருந்தது, வரிசை வாய்க்கால் வரை நின்றது. தளவாய் அவளைக் கடையில் கொண்டுவந்து இறக்கி, மடியில் எடைக்கல்லை வைத்துவிட்டு நின்றார். கடை திறப்பதென்றால் முதலில் கைரேகை இயந்திரத்தில் விற்பனையாளர் தன் கட்டைவிரலை வைக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு அட்டைக்காரரும் விரல் வைத்தால்தான் பில் வரும், பில் வந்தால்தான் அரிசி. உலகம்மாள் விரலை வைத்தாள். இயந்திரத்துக்கு விரல் வைத்ததாகவே தெரியவில்லை. துடைத்து வைத்தாள், தண்ணீர் தொட்டு வைத்தாள். ஒன்றும் இல்லை.

முதல் ஆளாக நின்ற நாச்சியார் மதினி பொறுக்காமல், நகருட்டி என்று தன் பெருவிரலை அமுக்கினாள். இயந்திரம் சந்தோஷமாகக் கூவியது, திரையில் விற்பனையாளர் உலகம்மாள் என்று வந்தது. கடை திறந்துவிட்டது. இப்போது அட்டைக்குக் கைரேகை வேண்டும், மதினி மறுபடி வைத்தாள், விற்பனையாளர் உலகம்மாள் என்றே வந்தது. பின்னால் நின்றவர் வைத்தார், விற்பனையாளர் உலகம்மாள். தமிழாசிரியர், தையல்காரர், மகளிர் குழுத் தலைவி, அருணாசலம் அண்ணாச்சி, யார் வைத்தாலும் விற்பனையாளர் உலகம்மாள். ஊர் முழுக்க விற்பனையாளர்கள், அரிசி வாங்க ஒருவர்கூட இல்லை. ஜெயகனியின் விரல் மட்டும் ஜெயகனி என்று காட்டியது. விழாவுக்குப் போகாமல் அவள் கோழிப்பண்ணையில் இருந்துவிட்டாள். அவள் மட்டும் பச்சரிசியும் சீனியும் முழுக் கரும்பும் வாங்கிக்கொண்டு ஊர் பார்க்க நடந்து போனாள்.

மாவட்டத் தலைநகரிலிருந்து இயந்திரம் பழுது பார்க்க ஒருவரை வரவழைத்தார்கள். அவர் தன் விரலை வைத்துப் பார்த்தார், அவர் பெயரைச் சரியாகக் காட்டியது. இயந்திரத்தில் குறையே இல்லை என்று சொல்லி நிமிர்ந்தவர், பொன்னாடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த உலகம்மாளைப் பார்த்துவிட்டு, என்னம்மா, விரலெல்லாம் இப்படி நூல் மாதிரி இருக்கு, உடம்பு சரியில்லையா என்று அக்கறையாகக் கேட்டார். அதன் பிறகு அவர் விரலும் விற்பனையாளர் உலகம்மாள்தான்.

மத்தியானம் ஆயிற்று. கரும்பு காய ஆரம்பித்தது. நின்று நின்று கால் கடுத்துப்போன நாச்சியார் மதினி தலையில் கை வைத்துக்கொண்டு, "இந்த வெயில்ல நின்னு என் கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு, நானே சீக்குக்காரி மாதிரி ஆயிட்டேன்" என்று தன்னைப் பற்றிப் புலம்பினாள். அப்படிச் சொன்னதும் அந்த வெதுவெதுப்பு திரும்ப வந்த வழியே போனது. மதினியின் கன்னம் பழையபடி உள்ளே இறங்கியது. உலகம்மாளுக்கு இரண்டு கன்னமும் வந்து பொருந்தின. கன்னம் வந்ததும் வாய் வந்தது, வாய் வந்ததும் குரல் வந்தது. வரிசை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் எல்லாவற்றையும் ஒரு நொடியில் புரிந்துகொண்டு, மடியிலிருந்த எடைக்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி மேசை மேல் டக்கென்று வைத்தாள்.

"எங்கிட்ட சொன்னதை எல்லாம் ஒவ்வொருத்தரா வந்து, தன்னைச் சொல்லிக்கிடுங்க. அதுக்கப்புறம் விரல் வைங்க."

இரண்டு நாள் நடந்தது அந்த வரிசை. இவ்வளவு தெளிவான பேச்சைப் பூவன்குறிச்சி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தையல்காரர் தலை குனிந்து நின்று, என் கை ரெண்டும் முருங்கைக்காய் என்றார். இயந்திரம் பழுது பார்க்க வந்தவர், என் விரல்தான் நூல் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து, எனக்குக் கால் குச்சி என்று சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகள் முதலில் சொல்ல மறுத்தன, அவற்றுக்கு அந்தக் கால் பிடித்திருந்தது, கரும்பைக் காட்டித்தான் சொல்லவைக்க வேண்டியிருந்தது. தமிழாசிரியர் தன் இடையைத் தானே வர்ணித்தபோது வரிசையில் சிரிக்காமல் இருந்தவர்கள் யாரும் இல்லை. இடுப்பு எங்கே போச்சு என்று கேட்டவள், என்ன சொன்னோம் என்றே மறந்துபோய் விழித்தாள். உலகம்மாள் மறக்கவில்லை, எந்த நாள், எந்த இடத்தில் நின்று, எந்தக் குரலில் என்பது வரை எடுத்துக் கொடுத்தாள். மெதுவாக முணுமுணுத்தவர்களிடம், சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை என்றாள். கேட்டிருந்தது, வேண்டுமென்றேதான் சொல்லச் சொன்னாள். அந்த இரண்டு நாளும் அவளுக்கு ஆனந்தமாக இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

அருணாசலம் அண்ணாச்சி மட்டும் ஒதுங்கி வந்து, சங்கத்தின் சார்பில் செயலாளர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு வருத்தத்தை வாசித்துவிடுவார், தலைவர் வரிசையில் நின்று தொந்தியைச் சொல்லிக்கொள்வது நன்றாக இருக்காது என்று கேட்டுப் பார்த்தார்.

"ஆள் மாத்தி வைக்க முடியாது அண்ணாச்சி. கைரேகை நேர்ல வந்துதான் வைக்கணும். எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

அண்ணாச்சி நின்றார், சொன்னார், தொந்தியை இறக்கி வைத்துவிட்டுக் குடைக்கம்பியாக வீடு போய்ச் சேர்ந்தார். தளவாய் கடைசி ஆளாக வந்தார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்து, நான்தான் மெலிஞ்சு போயிருக்கேன் என்றார். அவர் சொன்னது என்னவோ உண்மைதான். உலகம்மாள் மணிக்கட்டை நீட்டி வளையல்களைப் போட்டுக்கொண்டாள். எல்லாம் வந்து சேர்ந்து, தராசில் ஏறி நின்று பார்த்தபோது, உச்சிப் படியில் உட்கார்ந்து சிரித்த அன்றைக்கு இருந்த அதே எடை, முழங்கையில் ஒரு பிடி மட்டும் குறைவு. அந்த ஒரு பிடி இன்றைக்கும் ஷார்ஜாவில் இருக்கிறது. கொழுந்தன் அதன் பிறகு போனை எடுப்பதில்லை.

பொங்கல் போய், அடுத்த மாசம் அரிசி போடும் நாள் வந்தது. வரிசை நின்றது. அப்படி ஒரு அமைதியை அந்தக் கடை கண்டதில்லை. வந்தார்கள், விரல் வைத்தார்கள், பையை விரித்தார்கள், போனார்கள். யாருக்கும் வாய் திறக்கப் பயம் என்றுதான் உலகம்மாள் முதலில் நினைத்தாள், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாதி வரிசை போன பிறகுதான் விஷயம் அது இல்லை என்று புரிந்தது. பயம் இருந்தது உண்மை, ஆனால் பயம் போனாலும் சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமாக அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்ற இத்தனை பேருக்கும், அவள் உடம்பைக் கழித்துவிட்டால், அவளிடம் கேட்பதற்கு வேறு ஒரு கேள்விகூடக் கிடையாது. கரண்டியை அவள் அரிசிக்குள் குத்திவைத்தாள். காற்று தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

நாச்சியார் மதினி மட்டும் பையைத் தூக்கியவள் போக மனமில்லாமல், "இருந்தாலும் உலகு, முன்ன நீ" என்று ஆரம்பித்தாள். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மதினி பையை மறு கைக்கு மாற்றினாள். முன்ன நீ நல்ல அரிசியாப் போடுவ, இப்ப ஒரே குருணை என்று முடித்துவிட்டு வேகமாக நடந்தாள்.

அடுத்து ஜெயகனி. இப்போதும் அதே ஒடிசல்தான். விரலை வைத்தாள், பில் வந்தது, அரிசி விழுந்தது. பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"அக்கா, முட்டி வலி தேவலையா?"

உலகம்மாள் பக்கத்திலிருந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். வரிசை பொறுத்திருந்தது.

"தேவலை. முன்ன மாதிரி இல்ல. கடைசிப் படியில மட்டும் ஒரு பிடி பிடிக்கும், கம்பியைப் பிடிச்சுக்கிட்டா போயிரும்."

சொல்லி முடித்த பிறகுதான், யாராவது கேட்பார்கள் என்று இந்தப் பதிலை இவ்வளவு காலமும் வாய்க்குள் தயாராக வைத்திருந்தோம் என்பது அவளுக்கே தெரிந்தது. அவளிடமிருந்து ஒரு துளியும் எங்கேயும் போகவில்லை. ஜெயகனி, சரிக்கா என்று சொல்லிவிட்டு நடந்தாள், அடுத்த ஆள் விரலை வைத்தார்.